காட்டுப் பாதை வண்டியில் ஒலி அமைப்பை மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் மாற்றக் கிளம்பியதும் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். நகரச் சாலையில் மட்டும் ஓடும் காருக்கே அது அரைகுறையான கேள்வி. வார இறுதியில் உலு லங்காட் பக்கமோ ஜண்டா பாயேக் பக்கமோ சேற்றில் இறங்கும் வண்டிக்கு அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். காட்டுக்குப் போகும் வண்டியில் ஒலி அமைப்பு கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரமும் அதிர்வும் அவசர வயரிங்கும்தான் காரணம். பணத்தை முதலில் அங்கே செலவிட வேண்டும்.

கதவின் உட்புறம் காய்ந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி ஜன்னல் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியே வெளியேறும். எல்லாக் கார்க் கதவுகளும் இப்படித்தான் அமைக்கப்படுகின்றன. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில், கதவில் மாட்டிய ஸ்பீக்கரின் முதுகு அடிக்கடி நனைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் காகிதக் கோனும் (ஒலி எழுப்ப அதிரும் கூம்பு) அதைச் சுற்றி நுரை விளிம்பும் உள்ள ஸ்பீக்கரை வைப்பது பெரிய தவறு. வீட்டுக்குள் அருமையாகப் பாடும் காகிதம் இங்கே ஊறித் தளர்ந்துபோகும். நுரை நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பொடிப்பொடியாக உதிரும். பாலிப்ரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. பட்டறைகளில் எம்.டி.எஃப். பலகையை வட்டமாக அறுத்துப் பொருத்திவிடுவது வழக்கம். அது மர இழைகளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் உப்பும், திருகுகள் பிடிப்பை இழக்கும், பிறகு கரடுமுரடான பாதையில் ஸ்பீக்கர் கதவோடு மோதிக் கடகடக்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் கேளுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும்.

அதிர்வைத் தணிக்க ஒட்டும் கறுப்புத் தகட்டில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, மலிவாகக் கிடைக்கும் தார்த் தகட்டை வாங்குவது. வெயிலில் நிறுத்திய வண்டியில் அது இளகும், நாறும். பியூட்டைல் ரப்பர் தகடு அப்படிச் செய்யாது. இன்னொன்று, கதவு முழுவதையும் மூடி அடியிலுள்ள வடிகால் துளைகளையும் அடைத்துவிடுவது. துளை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். இரும்புப் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். கதவு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்து எறியும் பழக்கமும் உண்டு. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பது அந்த விரிப்புதான். கழற்றினால் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

அட்டைப் பெட்டியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஐ.பி. எண்ணைப் பாருங்கள். அதில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 67 என்றால் தூசு புகாது, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். கூரையைக் கழற்றி ஓட்டும் வண்டிக்கும், பினாங்கில் பத்து ஃபெரிங்கி போலக் கடலை ஒட்டி நிற்கும் வண்டிக்கும் படகுகளுக்கென்று செய்த ஸ்பீக்கர்களே ஏற்றவை. உப்புக் காற்று சாதாரண முனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

பிளேயரின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரை இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாகத் திருகுவது அடுத்த தவறு. ரேஞ்சர் 800 மில்லிமீட்டர், ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரைக் கடக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த அளவு எஞ்சின் பாதுகாப்பாக இருப்பதற்கானது. கேபின் தரை காய்ந்திருக்கும் என்பதற்கான உறுதி அல்ல. கதவு ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலே, ஆற்றின் நடுவில் வண்டி நின்ற சில நிமிடங்களில் தரைவிரிப்பு நனையத் தொடங்கும். பிக்கப் வண்டியில் பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் ஆம்ப்ளிஃபயருக்குச் சரியான இடம். வயர்களைச் சற்றுக் கீழே வளைத்துப் பிறகு மேலே ஏற்றி இணைத்தால், வழியும் தண்ணீர் முனைக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். மதிய வெயிலில் மூடி வைத்த வண்டிக்குள் வெப்பம் தகிக்கும். இடுக்கில் திணித்த ஆம்ப்ளிஃபயர் சூடேறித் தானாக அணைந்துபோகும்.

இனி வாட்ஸுக்கு வரலாம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' எண்ணை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண். பிளேயரின் முகப்பில் 50 வாட்ஸ், நான்கு சேனல் என்று இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் தொடர்ந்து தருவது 15 முதல் 20 வாட்ஸ் வரைதான். திறனை இரட்டிப்பாக்கினால் ஒலியளவில் கூடுவது வெறும் 3 டெசிபெல். ஒலி இரண்டு மடங்காகக் காதில் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். ஆகவே 88 டெசிபெல் உணர்திறன் (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபெல் உள்ளதை எடுத்தால், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கிய பலன் செலவில்லாமல் வந்துவிடும். இந்த எண்ணைச் சொல்லி விற்கும் கடை அரிது, நீங்களே கேளுங்கள்.

கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருப்புவதும் பரவலாக நடக்கிறது. பிளேயர் தரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கு மட்டுமே அது. மிகையாகத் திருப்பினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, முதலில் கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் கருகும். மட் டயர் இரைச்சலை அமுக்கக் கதவு ஸ்பீக்கர்களில் பேஸை ஏற்றுவதும் அப்படித்தான் முடியும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியைக் கதவு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பாமல், பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு விட்டுவிடுங்கள்.

வயரிங்தான் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி. 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதை மலிவான வயர் பெட்டியில் வரும் செம்பு பூசிய அலுமினியக் கம்பியை நம்பி விடுகிறார்கள். அதே தடிமனுள்ள செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு உண்டு. மேலும் அலுமினியம் தொடர் அதிர்வில் சோர்ந்து முறியும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை ஓடும் வயரைக் காக்காது. எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் வயர் நுழையும் இரும்புத் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால், கல்லிலும் பள்ளத்திலும் வண்டி முறுகும் ஒவ்வொரு முறையும் இரும்பு விளிம்பு உறையை அறுக்கும். அறுந்து ஒட்டினால் தீ. தீயணைப்பு வண்டி வந்து சேர முடியாத காட்டுக்குள் அது நேரக் கூடாது. பட்டறைக்காரர் சலித்துக்கொண்டாலும் இந்த இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் ஒருபோதும் கூடாது. பேட்டரியின் எதிர்முனையில் அதன் நிலையைக் கணக்கிடும் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் சென்சாரின் கணக்கு தவறும். சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் வைத்திருப்பவர்கள் இழுக்கத் தொடங்கும் முன் ஒலி அமைப்பை அணைத்துவிடுங்கள். வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை கேட்கக்கூடும், மின்னழுத்தம் சரியும். வெளியே நின்று வழிகாட்டுபவரின் குரலும் கேட்க வேண்டுமல்லவா?

சப்வூஃபர் பெட்டியைக் கட்டாமல் விடாதீர்கள். வண்டி சாய்ந்தால் அந்தக் கனமான பெட்டி முதலில் மோதுவது பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையின் மேல். தகட்டுத் திருகுகள் அதிர்வில் கழன்றுவிடும். நைலான் பூட்டு நட்டுடன் போல்ட் போடச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துக் கதவுகளைத் திறந்து வைத்து முழுச் சத்தத்தில் பாட்டு வைப்பதையும் தவறுகளில் சேர்க்கிறேன். உலு லங்காட், உலு யாம் ஆறுகளில் மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் இருக்கும்போதே கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் இறங்கும். நீர் கலங்குவதும் தொலைவில் எழும் இரைச்சலும்தான் கிடைக்கும் எச்சரிக்கை. அந்த இரைச்சல் காதில் விழ வேண்டும். பக்கத்தில் ஒராங் அஸ்லி கிராமம் இருந்தால் அவர்களுடைய இரவையும் மதிக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் மாற்றிவிடலாம் என்று கடைசி வாரத்தில் வண்டியைக் கொண்டுபோய் விடாதீர்கள். நெருக்கடியில் ஃபியூஸும் ரப்பர் வளையமும்தான் விடுபடும். அக்டோபரும் நவம்பரும் இங்கே மழை மிகுந்த மாதங்கள் என்பதால் அந்தக் குறை உடனே வெளிப்படும். ஒரு மாதம் முன்னதாகச் செய்து, ஒரு முறை சேற்றுப் பாதையில் ஓட்டிவிட்டு வந்து, போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கதவுக் கண்ணாடியின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது அடியிலுள்ள துளைகள் வழியே வெளியே வருகிறதா என்றும் பாருங்கள்.