ஊற்றுவதற்கு முன் தேடுங்கள்: பவர் ஸ்டீயரிங் கசிவிலும் கார் ஏசியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை பழக வரும் பையன்கள் கையில் அழுத்தம் காட்டும் கேஜ் கிடைத்ததும் செய்யும் முதல் காரியம், அதை ஏசி லைனில் மாட்டி முள்ளைப் பார்ப்பதுதான். முள் கொஞ்சம் கீழே நின்றால் உடனே கேஸ் சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் கேனை எடுத்து ஊற்றுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்திலும் இப்படித்தான் செய்தோம். மூடியிருக்கும் ஒரு லைனில் கேஸோ ஆயிலோ தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ வழி இருக்கிறது. அந்த வழியைத் தேடும்போது நடக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

சொட்டுவது எது என்று பார்க்காமல் முடிவு கட்டுவது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் தண்ணீராகி, டிரெயின் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். அது சொட்டத்தான் வேண்டும். சொட்டாமல் முன்சீட்டுக் காலடியில் கார்ப்பெட் நனைந்தால், குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இரவில் ஒரு வெள்ளை அட்டையை எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் நிறமில்லாத தண்ணீர் இருந்தால் ஏசி. பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். சிவப்பாகவோ பழுப்பாகவோ வழுக்கினால் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம்; ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலும் அதே சிவப்பில் வரும். இன்னொன்று, ஸ்விஃப்ட் மாதிரி எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் ஸ்டீயரிங் ஆயிலே கிடையாது. பொலேரோ, பழைய இன்னோவா போன்றவற்றில்தான் இந்தக் கவலை.

"ரேக் போச்சு" என்று அவசரப்பட்டுச் சொல்வது

முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து அதன்மேல்தான் வந்து நிற்கும். ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்பக்கமாக அடித்துப் பரப்பிவிடும். அதனால் நனைந்த இடத்தைப் பார்த்துப் பழி போடக் கூடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பட்டும். நீங்கள் டார்ச்சோடு பம்பிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். ஈரம் முதலில் எழும் மிக உயரமான இடம்தான் கசிவு. கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், ஐந்து நொடி போதும். அதற்கு மேல் பம்ப் தாங்காது.

உள்சீல் போயிருந்தால் ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறைக்குள் (பூட்) ஆயில் சேரும். அந்த உறையின் கிளாம்பை நகர்த்திப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் ரேக்கைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். ரிட்டர்ன் ஹோஸ், பிரஷர் ஹோஸின் மூட்டு, பம்ப் ஷாஃப்ட் சீல், ரேக்கின் மேல்பக்க வால்வு சீல் என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் திருப்பும்போது பம்ப் முனகுகிறது, டப்பாவில் ஆயில் நுரைத்து நிற்கிறது என்றால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் காற்றை உறிஞ்சுகிறது. பெரும்பாலும் ஒரு கிளாம்பு மாற்றினால் தீரும் வேலை.

பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றுவது

கூடவே கூடாது. சீல்கள் கெட்டுப்போகும்.

கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான்.

குளச்சல் பக்கம் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், வளைகுடாவிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிவர அடிக்கடி திருவனந்தபுரம் விமான நிலையம் போய்வருவார். ஏசி குளிரவில்லை என்று வந்தார். "அண்ணே, கேஸ் மட்டும் அடிச்சுத் தாங்க, சாயங்காலம் ஏர்போர்ட்டுக்குப் போணும்." விசாரித்தால், ஒவ்வொரு கோடையிலும் வேறு வேறு கடைகளில் கேஸ் அடித்திருக்கிறார். யாரும் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. இந்த முறை கம்ப்ரசரைக் கையால் திருப்பவே முடியவில்லை. பைப்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளி நிறத்தில் மாவு போல உலோகத்தூள், கறுத்த ஆயிலோடு குழைந்து ஒட்டியிருந்தது.

கேஸ் உள்ளே தனியாகச் சுற்றுவதில்லை. கம்ப்ரசரின் ஆயிலையும் சுமந்துகொண்டே சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பி வருவது குறையும். கசிவு வழியாகவும் ஆயில் வெளியேறும். வெறும் கேஸை மட்டும் அடித்தவர்கள் போன ஆயிலைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வறண்டு ஓடிய கம்ப்ரசர் தேய்ந்து பிடித்துக்கொண்டது. அந்தத் தூள், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் முடிபோன்ற நுண்குழல்களில் புகுந்துவிட்டால் கழுவி எடுக்க முடியாது. கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவருடைய பல வாரச் சம்பாத்தியம் போனது. கசிவு இருந்தது கண்டென்சர் பைப் மூட்டில், ஒரு ஓரிங்கில், அதாவது ரப்பர் வளையத்தில்! அந்த மூட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்து ஒரு வளையமே கிடந்தது. போனட்டைத் திறந்து நன்றாகக் குனிந்து பார்த்திருந்தால் போதும். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயில் தடம் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடுவதற்குக் கருவிகூடத் தேவையில்லை.

கேஜை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒன்று. எஞ்சின் நிற்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் கார் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் சுமார் 95 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை முள் அங்கேயேதான் நிற்கும். அதனால் அது அளவைச் சொல்லாது. போனட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். இருப்பதை முழுதாக மெஷினில் எடுத்து, எடை பார்த்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), தராசில் வைத்து அந்த அளவே ஏற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் குளிரட்டும்" என்று கூட அடித்தால் பிரஷர் ஏறிக் குளிர் குறையும். எடுக்கும் கேஸைக் காற்றில் விடாதீர்கள். கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் கேஸ் அது.

வேக்கம் அரைமணி நேரம் நின்றது, அதனால் கசிவு இல்லை என்பதும் தவறு. வேக்கத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது வெறும் 14.7 பிஎஸ்ஐ. ஓடும்போது உள்ளிருந்து 200 பிஎஸ்ஐக்கு மேல் வெளியே தள்ளுகிறது. உள்நோக்கி அழுத்தும்போது பொருந்தி நிற்கும் ஓரிங் வெளிநோக்கித் தள்ளும்போது விட்டுவிடலாம். நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ ஏற்றி, சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். டயருக்கு அடிக்கும் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடித்து ஆளே போய்விடும்.

கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டர் கருவி இருந்தால் பைப்புக்கு அடியில் பிடியுங்கள், கேஸ் காற்றைவிடக் கனமானது. கூலிங் காயிலில் சந்தேகம் என்றால் புளோயரை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து, டிரெயின் குழாய் வாயில் வைத்துப் பாருங்கள். முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்திலேயே நிற்கும் வண்டிகளில் கண்டென்சரின் கீழ்மூலையை முதலில் பாருங்கள். உப்பும் சேறும் அங்கேதான் தங்கி அலுமினியத்தை அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில், மெதுவான அழுத்தத்தில் கழுவினால் நெடுநாள் வரும்.

பிரஷர் சுவிட்சை ஒயர் போட்டு நேராக்குவது

கேஸ் இல்லாதபோது கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் அந்த சுவிட்ச். அதைத் தாண்டி ஒயரை நேராக இணைக்காதீர்கள்.

ஓடினால் குளிர், நின்றால் சூடு

ஆரல்வாய்மொழி பக்கம் வேகமாகப் போகும்போது நன்றாகக் குளிர்கிறது, வடசேரி நெரிசலில் நின்றதும் சூடாக வருகிறது என்றால் கேஜை எடுக்காதீர்கள். கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கசிவை அடைக்கும் டப்பா மருந்து

வேண்டாம். அடுத்து வருகிறவரின் கேஸ் மெஷினையும் அது கெடுக்கும்.

இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்ப்பது

பல வண்டிகளில் ஸ்டீயரிங் பம்பையும் ஏசி கம்ப்ரசரையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பம்ப் சீல் கசிந்து அந்தப் பெல்ட்டில் ஆயில் பட்டால், ஏசி போட்டதும் பெல்ட் வழுக்கும், கீச்சென்று கத்தும், குளிர் குறையும். வண்டிக்காரர் ஏசி கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார். அப்போது கேஸ் சரியாகவே இருக்கும். முதலில் பம்ப் சீலைச் சரிசெய்யுங்கள், அப்புறம் புல்லிகளைத் துடைத்துவிட்டுப் புதுப் பெல்ட் போடுங்கள். ஆயிலில் ஊறிய பழைய பெல்ட்டை மண்ணெண்ணெயில் துடைத்து மறுபடி மாட்ட வேண்டாம். ரப்பர் உப்பிப் பிசுபிசுத்து, ஒருநாள் பாதி வழியில் அறுந்துவிடும்.