வண்டிக்கு டொக்கு, பாப்பாவுக்கு என்ன?

செங்கல்பட்டு தாண்டி டோல்கேட் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த வேன் பிரேக் பிடிக்கப் பிந்தி எங்கள் காரை இடித்தது. பெரிய இடி இல்லை. டிக்கி மூடி நசுங்கியது, ஒரு பின்விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். பின்சீட்டில் என் மடியில், என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றி என் தோள் எலும்பில் ‘டொக்’கென்று மோதியது. மதுராந்தகத்தில் அழ ஆரம்பித்தவளைச் சமாதானப்படுத்தத்தான் குழந்தை இருக்கையிலிருந்து எடுத்திருந்தேன். காலியான அந்த இருக்கையில் டயபர் பை. சரியாமல் இருக்கட்டும் என்று அதற்குப் பெல்ட்கூட மாட்டியிருந்தேன்.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் நாங்கள் செய்த தவறுகள் பல. வீட்டுப் பெரியவர்கள் செய்யப்போய் நான் மயிரிழையில் தடுத்தவையும் உண்டு. இதே மாதிரி இடி வாங்கிய இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்தபோது அவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள்.

முதலில் ரோட்டில் நடப்பது. இடித்த மறுநொடி அப்பா இறங்கிச் சண்டைக்குப் போவார், அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்குவார். நானும் இறங்கினேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே குழந்தையோடு நின்று, நசுங்கிய டிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு வண்டி வந்து அந்த வேனை இடித்திருந்தால் நாங்கள் நடுவில் சிக்கியிருப்போம். வண்டி நகரும் நிலையில் இருந்தால் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரங்கட்டிவிட்டு, குழந்தையோடு சாலையைவிட்டுத் தள்ளிப்போய் நிற்க வேண்டும். குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு இருவரும் வாக்குவாதத்துக்குப் போவது இன்னும் மோசம். வெயிலில் ஏ.சி. அணைந்த கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். சண்டையை நிழலில் வைத்துக்கொள்ளலாம், ஓடிப்போகாது. வேன் நம்பரையும் நசுங்கிய இடங்களையும் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரருக்குப் போதும்.

குழந்தை இருக்கையிலேயே இருந்து, மயங்கியோ கைகால் துவண்டோ தெரிந்தால் மட்டும் அவசரப்பட்டு வெளியே இழுக்கக்கூடாது. புகையோ தீயோ இல்லையென்றால் இருந்த நிலையிலேயே விட்டு 108ஐ அழைக்க வேண்டும். அந்த வயதில் உடம்பின் நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் பிஞ்சு. ஓங்கி அழுகிற குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். ஓங்கி அழுவது நல்ல சேதியும்கூட.

அழுகையை நிறுத்த உடனே பால் கொடுப்போம். தவறில்லை, குழந்தை நன்றாக விழித்திருந்தால். கண் சொருகி மந்தமாக இருக்கும் குழந்தைக்குப் பாலையோ தண்ணீரையோ வாயில் ஊற்றினால் புரையேறிவிடும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

மாமியார் வாசலிலேயே சுற்றிப்போட்டார். மிளகாய், உப்பு, முச்சந்தி மண். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எரிந்த மிளகாய் நெடியில் பாப்பா தும்மியதைத் தவிர. “அப்பவே சொன்னேன், ராகு காலத்துல கெளம்பாதீங்கன்னு” என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். அடுத்துச் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது: “தூக்கினா சிணுங்குறா பாரு, உரம் விழுந்திருக்கும். தெருக்கோடி ஆயாவக் கூப்பிட்டு உரம் எடுத்துடலாம்மா.”

குழந்தைக்குச் சுளுக்குப் பிடிப்பதைத்தான் உரம் விழுவது என்பார்கள். உரம் எடுப்பதைப் பார்க்காதவர்களுக்காக: சேலையை விரித்து நடுவில் குழந்தையைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியுமாக உருட்டுவார்கள். முறத்தில் போட்டுப் புடைக்கிற ஊரும் உண்டு. மோதலுக்குப் பிறகு தூக்கும்போது குழந்தை வீறிடுகிறது என்றால் கழுத்தெலும்போ தோளெலும்போ விலாவோ அடிபட்டிருக்கலாம், தசை பிடித்திருக்கலாம். அந்த உடம்பை உருட்டினால் இருக்கிற அடி பெரிதாகும். குடல் தட்டுவது, எண்ணெய் போட்டு நீவிவிடுவது, சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். ஆயாவின் கைராசியை நான் குறை சொல்லவில்லை. எந்த இடத்தில் அடி என்று தெரியாமல் யார் கை வைத்தாலும் ஆபத்து. “டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும் அத்தை, அப்புறம் பேசலாம்” என்று தள்ளிப்போட்டேன். நேருக்கு நேர் மறுத்திருந்தால் சண்டையாகியிருக்கும், நான் குளிக்கப் போன நேரம் ஆயா வந்திருப்பார்.

வலி மருந்தும் அப்படித்தான். வீட்டில் இருந்த பாராசிட்டமாலை எடுத்துக் கணக்கில்லாமல் ஊற்றுவது சகஜம். நம் ஊரில் கிடைக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கே 125 மில்லிகிராம்தான். அதாவது சொட்டு நாலு மடங்கு காட்டம். சிரப் அளவில் சொட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எடைக்கு எவ்வளவு என்று மருத்துவர் சொன்ன பிறகே கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

மருத்துவரிடம் பொய் சொல்வதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். “ஆக்ஸிடென்ட்னு சொன்னா ஏ.ஆர். போடுவாங்க, போலீஸ் கேஸ் ஆயிடும், கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்னு சொல்லு.” இந்த அறிவுரையை எனக்கு மூன்று பேர் போனில் சொன்னார்கள், மூவரும் படித்தவர்கள். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையை ஒரு மாதிரியும், காரில் குலுங்கிய குழந்தையை வேறு மாதிரியும்தான் மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். காரில் என்றால் கழுத்து, பெல்ட் அழுந்திய மார்பு, வயிறு எல்லாம் சேரும். எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து இடி, குழந்தை மடியிலா இருக்கையிலா, எதில் மோதியது, உடனே அழுததா, இவையெல்லாம் அவருக்கு வேண்டும். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு. அதற்காகக் குழந்தைக்கு வைத்தியம் நின்றுவிடாது. காவல்துறை நடைமுறையைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. விபத்து என்று சொன்னால்தான் அதுவும் கிடைக்கும்.

எனக்கு வாயில் உண்மை வந்ததே தவிர, முழு உண்மை வர நேரமாயிற்று. “சீட்லதான் இருந்தாளா?” என்று அவர் கேட்டபோது “ஆமா” என்றேன். வெட்கம். இரண்டு நிமிடம் கழித்து, “இல்ல டாக்டர், மடியில வெச்சிருந்தேன்” என்றேன். அவர் திட்டவில்லை. பாப்பாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

பார்த்து முடித்ததும் நான் கேட்டது: “ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே?” பயந்த பெற்றோர் எல்லாரும் கேட்பது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, வளரும் மூளைக்கு அது பெரியவர்களைவிடக் கூடுதலாக உறுத்தும். குழந்தை அசையாமல் இருக்கச் சில சமயம் மயக்க மருந்தும் கொடுக்க வேண்டிவரும். தேவையென்றால் எடுத்தே ஆகவேண்டும், பெற்றோரின் மன நிம்மதிக்காக மட்டும் எடுப்பதில்லை.

எப்போது தேவை? வட அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து எழுதிய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. உலகெங்கும் மருத்துவர்கள் இதைக் கையாள்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் ஆறு கேள்விகள்: நினைவு மந்தமா, நெற்றி தவிர மற்ற இடத்தில் (பின்மண்டை, காதுக்கு மேலே, உச்சிப் பக்கவாட்டில்) வீக்கமா, ஐந்து நொடி அல்லது அதற்கு மேல் மயக்கமா, மோதல் பலமானதா, மண்டையோட்டில் முறிவு கைக்குத் தட்டுப்படுகிறதா. ஆறாவதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது: பெற்றோர் கண்ணுக்குக் குழந்தை இயல்பாக இல்லையா? அதாவது, “என்னமோ சரியில்ல டாக்டர், இவ இப்படி இருக்க மாட்டா” என்று அம்மா சொல்வதும் அந்தக் கணக்கில் ஒரு கேள்வி. நெற்றியில் சின்ன புடைப்பு, உடனே அழுகை, பத்து நிமிடத்தில் வேன் டிரைவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்த கை. எங்களுக்கு ஸ்கேன் வேண்டியிருக்கவில்லை. கவனித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் அடுத்த தவறு. கவனிப்பது என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அன்றிரவு மணிக்கு ஒரு தரம் போன் டார்ச்சை அடித்து அவள் கண்ணின் கருமணியைப் பார்த்தேன், கன்னத்தைத் தட்டினேன். நடுநடுவே இரவு இரண்டு மணிக்குத் தேடிப் பார்த்து, ஒரு வாரம் கழித்து வந்த ரத்தக்கசிவுக் கதைகளாகப் படித்தேன். காலையில் அவள் சிடுசிடுவென்று அழ, அதையே அறிகுறி என்று பயந்து மறுபடி ஓடினேன். “ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சா நானும்தான் அழுவேன்” என்றார் மருத்துவர்.

அடிபட்ட குழந்தையைத் தூங்கவிடக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. பரிசோதனை முடிந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் தூங்கலாம். அவர் சொன்ன இடைவெளியில் தொட்டால் நெளிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, எழுப்பினால் எழுகிறதா என்று பார்த்தால் போதும். எழவில்லையே என்று குலுக்கவே கூடாது, அந்தக் குலுக்கலே மூளையைக் காயப்படுத்தும். அன்றைக்கு ஒரு நாள் தூளியும் வேண்டாம். சேலைத் தூளிக்குள் கிடக்கும் குழந்தையின் முகமே தெரியாது, வாந்தி எடுத்தாலும் தெரியாது. தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள்.

முதல் 24 மணி நேரம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும், அடுத்த ஓரிரு நாளும் கண் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, எதற்கும் அடங்காத அழுகை, பால் வேண்டாமென்று முகம் திருப்புவது, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பது, காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ வடிவது, வயிற்றில் பெல்ட் தடம் போலக் கன்றியிருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் ‘விடியட்டும்’ என்று இருக்காதீர்கள். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அழும்போது எல்லாக் குழந்தைக்கும் அது புடைக்கும். அழுகை நின்று, நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் புடைத்திருந்தால்தான் விஷயம்.

மடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். “அம்மா கையைவிடப் பத்திரம் எது?” என்று கேட்பார்கள், நானும் நம்பினேன். வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய் எதிலோ மோதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் எடை ஏறத்தாழ பதினோரு மடங்காக முன்னே தள்ளும். பாப்பா 7 கிலோ. அந்த நொடியில் என் கைக்கு அவள் கிட்டத்தட்ட 80 கிலோ. பாதி வேகத்தில்கூட 40 கிலோ. ஒரு மூட்டைச் சிமென்ட் 50 கிலோ, முன்னறிவிப்பில்லாமல் யாரோ எறிகிற மூட்டையை நான் பிடிப்பேனா? ஒரே பெல்ட்டுக்குள் தன்னையும் குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொள்வது அதைவிடக் கொடுமை. நம் எடையும் சேர்ந்து குழந்தையை நசுக்கும். ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் மடியில் வைப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

இருக்கை பின்சீட்டில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வயது வரை. ‘ரோடு தெரியலையே’ என்று சீக்கிரம் திருப்பிவிடுகிறோம். முன்பக்க மோதலில் தலையையும் கழுத்தையும் முதுகுப்பலகை தாங்குவது அந்தத் திசையில்தான். வார், தோளில் இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு வராத இறுக்கம்.

இடி வாங்கிய காரில் இருந்த இருக்கையை அப்படியே தொடர்ந்து பயன்படுத்தலாமா? அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை ஐந்து நிபந்தனை சொல்கிறது: வண்டி ஓட்டிப் போகும் நிலையில் இருக்கணும், இருக்கைக்குப் பக்கத்துக் கதவில் சேதம் கூடாது, யாருக்கும் காயம் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தும் சரியென்றால் மாற்றத் தேவையில்லை. ஆனால் எந்த மோதலானாலும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு, கையேட்டைப் பாருங்கள். அக்கா குழந்தை உட்கார்ந்தது என்று வாங்கிவரும் பழைய இருக்கை எந்த இடியைப் பார்த்தது என்று அக்காவையே கேட்டுவிடுங்கள்.

பாப்பா மூன்றாம் நாளே மறந்துவிட்டாள். எனக்குத்தான் ஹாரன் சத்தம் கேட்டால் தோள் எலும்பில் அந்த ‘டொக்’ கேட்டது. “குழந்தை நல்லாத்தானே இருக்கா, இன்னும் என்ன?” என்பார்கள். அப்படிச் சொல்லி வாயடைப்பதும் தவறுதான். சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, காரில் ஏற முடியவில்லை, குழந்தையைக் கீழேயே விட மனமில்லை என்றால் பிள்ளைபெற்ற உடம்பு என்று சமாளிக்காமல் உதவி கேட்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். வீட்டுக்காரரும் நானும் பத்து நாள் இதைப் பேசவே இல்லை. அவர் ஓட்டினார், நான் மடியில் வைத்திருந்தேன். ஆளுக்கொரு குற்றத்தை வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தோம்.

மூன்றாவது வாரம் அவர்தான் இருக்கையைக் கழற்றி ஹாலில் கொண்டுவந்து வைத்தார். பாப்பா அதில் உட்கார்ந்து கிலுகிலுப்பையைக் கடித்துப் பழகினாள். பிறகு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. அடுத்த மாதம் திண்டிவனம். கூடுவாஞ்சேரியில் அழுதாள். ஓரங்கட்டி, டீக்கடை வேப்பமரத்தடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பால் கொடுத்து, மறுபடி உட்கார வைத்து வாரை மாட்டினோம். மதுராந்தகத்தில் மறுபடி. இரண்டு மணி நேரப் பயணம் மூன்றரை மணி நேரமானது. டயபர் பை என் காலடியில் சரிந்து கிடந்தது.