குட்டி பிளேயரைக் கெடுக்கும் பழக்கங்கள்

என் பையில் கிடக்கும், மூக்கு நீண்ட 5 இன்ச் நோஸ் பிளேயரின் வெட்டுவாயில், கடுகு ஒன்று உட்காரும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். டேபிள் ஃபேன் வயரை வெட்டியபோது விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற நினைப்பில் இருந்தேன். பிடுங்கியது பக்கத்து பிளக்கை. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே வெட்டில் இரும்பின் வழியே தொட்டுக்கொள்ள, டப்பென்று ஒரு பொறி, வீடே இருண்டுவிட்டது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடியில் இருந்த சிவப்பு உறைதான் காப்பாற்றியது என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அது தாங்கியது. நாளைக்கும் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. விலை குறைந்த குட்டி பிளேயர்களில் இருக்கும் உறை, பிடி வழுக்காமல் இருக்கப் போட்ட பிளாஸ்டிக், அவ்வளவே. மின்வேலைக்கென்றே செய்த கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி, அப்படிப்பட்ட கருவியை 10,000 வோல்ட் கொடுத்துச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். விரல் முன்னால் நழுவி இரும்பைத் தொடாமலிருக்க, கைப்பிடியின் தலைமாட்டில் ஒரு தடுப்பும் இருக்கும். 150 ரூபாய் பிளேயரில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். அப்போதும் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டாமல் ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

இனி வாங்கும் கதை. இதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது 'பதினைந்து வேலைக்கு ஒரே கருவி' என்று மடக்கி வைத்திருக்கும் மல்டிடூல். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி அடிக்கடி மக்கர் பண்ண, சட்டைப்பைக் கத்தியோடு ஒரு பிளேயரும் சேர்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தார். அதைச் செய்து விற்கத் தொடங்க 1983 ஆகிவிட்டது. கருவியை வடிவமைக்கவும் அதை வாங்க ஆள் தேடவும் அத்தனை வருடம் போனது. 300 ரூபாய் நகல்களில் கத்தி இருக்கிறது, பாட்டில் திறப்பான் இருக்கிறது, மீன் செதில் சுரண்டும் தகடுகூட இருக்கிறது. பிளேயர் மட்டும் பெயருக்கு. அழுத்திப் பிடித்தால் கைப்பிடித் தகடு வளையும், அதன் விளிம்பு உள்ளங்கையைக் கடிக்கும், மூக்கு ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அதே காசுக்கு ஒரே வேலை செய்யும் நல்ல பிளேயர் கிடைக்கும்போது இது எதற்கு?

அடுத்து அளவு. 8 இன்ச் கட்டிங் பிளேயர் அருமையான பொருள், ஆனால் அது வீட்டு அலமாரியை விட்டு நகராது. 6 இன்ச் வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். தினமும் கூடவே வர வேண்டுமென்றால் நாலரை, 5 இன்ச்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சின்ன நிப்பரை 'இதுவும் பிளேயர்தானே' என்று வாங்கிவிடாதீர்கள். சர்க்யூட் போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புக் கால்களை நறுக்கத்தான் அது. இரும்புக் கம்பியை ஒருமுறை கடித்தாலே வாய் பொக்கையாகிவிடும்.

கடையில் நின்றபடியே மூன்று சோதனைகள் செய்யலாம். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: நுனி இரண்டும் சரியாகத் தொட வேண்டும், இரண்டு பாதியையும் இணைக்கும் ஆணிப் பக்கம் லேசாக வெளிச்சம் தெரிந்தால் தப்பில்லை. உள்ளே ஒட்டி நுனி விலகியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதை வைத்து ஒரு நூலைக்கூட இழுக்க முடியாது. பிறகு இரண்டு கைப்பிடிகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடக் கூடாது. கடைசியாக, பில் தாளின் ஓரத்தை வெட்டுவாயில் கொடுத்து நறுக்குங்கள். மடங்கிக்கொண்டு வெளியே வந்தால் வாய் சேரவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரித்த அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு அல்ல.

வாங்கியாயிற்று. இனி, அதனிடம் எதைக் கேட்கக் கூடாது?

சின்ன பிளேயருக்குக் கைப்பிடி குட்டை, அதனால் பலமும் குறைவு. கணக்கு எளிது. ஆணியிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளிக் கையால் அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பி ஆணியிலிருந்து 1 சென்டிமீட்டரில் இருந்தால் உங்கள் பலம் எட்டு மடங்காகும், 4 சென்டிமீட்டர் தள்ளி மூக்கு நுனியில் இருந்தால் இரண்டே மடங்கு. அதனால் வெட்ட வேண்டிய கம்பியை உள்ளே தள்ளி, ஆணிக்குப் பக்கத்தில் வையுங்கள். நுனியால் கடித்து வெட்டப் பார்ப்பது கைக்கும் வலி, கருவிக்கும் கேடு.

எல்லாக் கம்பியும் ஒன்றல்ல. செம்பு, அலுமினியம், கட்டுக்கம்பி என்றால் கவலையில்லை. கிட்டார் கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ், பிரேக் கேபிள், ஸ்பிரிங் எல்லாம் வேறு ஜாதி. மலிவு பிளேயரின் வாயைவிட அவை கெட்டியானவை. வெட்டுப்படப் போவது கம்பியல்ல, பிளேயர். மெல்லிய ஆணி போன்றதென்றால் மூக்கால் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தே ஒடித்துவிடலாம். எதை வெட்டினாலும் துண்டாகும் நுனியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தரையைப் பார்த்துத் திருப்பி வெட்டுங்கள். அந்தத் துணுக்கு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது, கண் இரண்டுதான்.

வண்டியின் நட்டைக் கழற்ற பிளேயரைப் பயன்படுத்துவது அநேகமாக நம் தேசியப் பழக்கம். பிளேயரின் வாய் இணையாகத் திறக்காது, கோணமாகத்தான் திறக்கும். நட்டின் பக்கங்களை விட்டுவிட்டு முனைகளைக் கடிக்கும், நழுவும், முனை மழுங்கும். அப்புறம் சரியான 10-ம் நம்பர் ஸ்பேனரும் அதில் நிற்காது. மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு தம்பி இதுல பிளேயர் போட்டது?" என்று கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதே வண்டியில் செயின் லாக் கிளிப்பைக் கழற்றி மாட்ட மட்டும் நோஸ் பிளேயரை விட்டால் வேறு நல்ல கருவி இல்லை. மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் வழியில் கழன்று விழ வாய்ப்பு உண்டு.

டயர் விஷயமும் அப்படித்தான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியதைப் பார்த்ததும் பை பிளேயருக்குக் கை போகும். பொறுங்கள். அந்த ஆணிதான் இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினால் அங்கேயே காற்று இறங்கிவிடும். பஞ்சர் கடை வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். செருப்பில் ஏறிய கருவேல முள்ளைத் தாராளமாகப் பிடுங்கலாம்.

மூக்கை எதற்குள்ளாவது விட்டு நெம்புவது, சுத்தியலாக்கித் தட்டுவது, அடுப்பு நெருப்பில் காட்டிப் பழுக்கவிடுவது, மூன்றும் வேண்டாம். நெருப்பில் காட்டினால் இரும்பின் டெம்பர், அதாவது அதற்கு ஏற்றிய கெட்டித்தன்மை, போய்விடும். வடிவம் அப்படியேதான் இருக்கும், வெட்டும்போது தெரியும்.

துரு பற்றி ஒரு வார்த்தை. சட்டைப்பை வியர்வையும் கடற்கரை ஊர்க் காற்றும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் ஆணி இறுகிவிடும். உடனே தேங்காய் எண்ணெய் விடுவோம். அது நாளாக நாளாகப் பிசுக்காகி, தூசியைச் சேர்த்து, முன்னைவிட இறுக்கும். கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும்விடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பத்துத் தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும்.

வெறும் நோஸ் பிளேயரைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டால் துணி கிழியும், உட்காரும்போது தொடையிலும் குத்தும். பழைய சைக்கிள் டியூபில் விரலகல வளையம் ஒன்று வெட்டி, மூடிய கைப்பிடி மேல் மாட்டுங்கள். ஸ்பிரிங் வைத்த பிளேயர் பைக்குள் தானாக வாய் திறப்பதும் இதனால் நிற்கும். மூக்குக்குப் பழைய பேனா மூடி.

விமானத்துக்குக் கிளம்பும் முந்தின இரவு மட்டும் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். இங்கே கையில் கொண்டுபோகும் பையில் பிளேயருக்கு அனுமதி இல்லை. செக்-இன் பெட்டியில் போட்டால் பிரச்சினை இல்லை. பள்ளம் விழுந்த என் பிளேயருக்கு ஒரு அண்ணன் இருந்தான், பள்ளமே இல்லாதவன். ஸ்கேனருக்குப் பக்கத்து டப்பாவில் ஒரு நகவெட்டிக்கும் இரண்டு கத்தரிக்கோலுக்கும் நடுவே அவனைப் போட்டுவிட்டு, நான் மட்டும் ஊருக்குப் போனேன்.