துபாயில் வீடு மாற்றும்போது மலிவு ரேட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மாதக் கடைசி வந்தால் என் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். "அண்ணா, ஒன் பெட்ரூம், கராமாவிலிருந்து ஷார்ஜா. எவ்வளவு ஆகும்?" அவ்வளவுதான் செய்தி. துபாயில் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமானைப் பார்த்து ரேட் போடுவது என் வேலை. புதிதாக வந்த காலத்தில் நானும் இப்படித்தான் கேட்டேன். அதனால் யாரையும் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நகையையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிச் சாமானைச் சுற்றி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"ஒன் பெட்ரூம்" என்று மட்டும் சொல்லி ரேட் வாங்குவது

ஒன் பெட்ரூம் என்பது வீட்டின் கணக்கு, சாமானின் கணக்கு அல்ல. ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு பேச்சிலர்கள், இரண்டு கட்டில், ஒரு டிவி. எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆறு கதவு அலமாரி, ட்ரெட்மில், பால்கனி நிறைய செடித்தொட்டி, ஊரிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் தூக்கி வந்த பாத்திரம். இரண்டுக்கும் ஒரே ரேட் சொல்பவர் ஏதோ ஒரு வீட்டில் பொய் சொல்கிறார்.

மலிவு ரேட் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பிரச்சினை தீரும். சொல்பவர் மனதில் ஒரு மூன்று டன் பிக்கப், ஒரே நடை, மூன்று ஆள், அரை நாள் இருக்கும். அதற்கு மேல் எது வந்தாலும் தனிக்காசு. அதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

"மூன்று டன்" என்றதும் பலருக்கு நிம்மதி. வீட்டுச் சாமான் மூன்று டன்னா வந்துவிடும்? வராதுதான். ஆனால் வீட்டுச் சாமான் எடையால் வண்டியை நிரப்பாது, இடத்தால் நிரப்பும். அதனால்தான் நாங்கள் கிலோவில் பேசாமல் சிபிஎம்மில் பேசுகிறோம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இடம் ஒரு சிபிஎம், அதாவது சுமார் 35 கன அடி. 150க்கு 200 சென்டிமீட்டரில் 25 சென்டிமீட்டர் கனமுள்ள மெத்தை முக்கால் சிபிஎம்மைத் தின்றுவிடும். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 50 உயரமுள்ள அட்டைப்பெட்டிகள் பத்து சேர்ந்தால் ஒரு சிபிஎம். சோபாவுக்கு மேல் எதையும் அடுக்க முடியாது, அதன் தலைக்கு மேலுள்ள இடமும் போச்சு.

துபாய்க்குள் இருக்கும் அல் நஹ்தாவிலிருந்து ஷார்ஜா அல் மஜாஸுக்குப் போன ஒரு குடும்பம். நான் நேரில் பார்த்து 1,300 திர்ஹம் சொன்னேன். இன்னொருவர் போனிலேயே 700 சொன்னார். சரி, 700 என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நாள் வந்தது. பெட்டிகளும் சோபாவும் ஏறியதும் வண்டி நிரம்பிவிட்டது. அலமாரியும் இரண்டு மெத்தையும் வாசலில் நிற்கின்றன. இரண்டாவது நடைக்குத் தனிக்காசு, அலமாரியைப் பிரித்துப் பூட்டத் தனிக்காசு, ஷார்ஜா டிராஃபிக்கில் வண்டி காத்திருந்ததற்குத் தனிக்காசு. கடைசியில் 1,600. பழைய வீட்டுச் சாவியை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும், பாதி சாமான் அவர்கள் வண்டியில். அங்கே என்ன பேரம் பேசுவது? ராத்திரி அந்தக் குடும்பத்தலைவர் எனக்குப் போன் செய்து, வேறு வண்டி கிடைக்குமா என்று கேட்டார். மாதக் கடைசி ராத்திரியில் எங்கே போய்த் தேடுவது?

ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். எழுத்தில் இருந்தது ஒரே வரி: "ஓகே சார், 700." இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த வரியில் எத்தனை நடை என்று இல்லை, எத்தனை ஆள் என்று இல்லை, என்ன சாமான் என்றும் இல்லை. அதை வைத்து யாரிடம் போய் நியாயம் கேட்பது?

நேரில் வரச் சொல்லுங்கள். வர முடியாதென்றால் வீட்டை நடந்தபடியே வீடியோ எடுத்து அனுப்புங்கள். வரவேற்பறையை மட்டும் காட்டாதீர்கள்: அலமாரிக் கதவைத் திறந்து, கட்டிலுக்கு அடியில், கிச்சன் மேல்தட்டு, பால்கனி, ஸ்டோர் எல்லாவற்றையும் காட்டுங்கள். பிறகு வண்டி அளவு, நடை, ஆள், பேக்கிங் பொருள், பிரித்துப் பூட்டுவது, சாலிக் (துபாய் சாலைச் சுங்கம்), காத்திருப்பு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதற்கு மேல் எந்தெந்தக் காரணத்துக்குக் காசு கேட்பீர்கள்?" பதில் சொல்ல மழுப்புகிறவரை விட்டுவிடலாம்.

வாட் விஷயமும் இதில்தான் வரும். 2018 முதல் இங்கே 5 சதவீத வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, உண்டு. வாட் போட்டால் பில்லில் கம்பெனியின் 15 இலக்க வரிப் பதிவு எண் (டிஆர்என்) இருக்க வேண்டும். எண்ணைக் காட்டாமல் வாட் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செக்யூரிட்டியை மறப்பது

கராமாவின் பழைய கட்டடங்களில் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். துபாய் மெரினா, ஜேஎல்டி மாதிரி உயர்மாடிப் பகுதிகளில் அந்தக் கதையே வேறு. காலி செய்யவும் குடியேறவும் தனித்தனியாக பர்மிட் கேட்பார்கள். டீவாவின் (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) கடைசி பில் கட்டிய ரசீது, ஆட்சேபனை இல்லை என்று வீட்டு உரிமையாளர் தரும் கடிதம் (என்ஓசி), வீடு மாற்றும் கம்பெனியின் டிரேட் லைசென்ஸ் நகல் என்று பட்டியல் நீளும். சர்வீஸ் லிஃப்டை முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். சில கட்டடங்களில் வார இறுதியில் அனுமதியே கிடையாது.

இங்கேதான் மலிவு ஆள் மாட்டிக்கொள்வார். லைசென்ஸ் இல்லாத பிக்கப்பை பேஸ்மென்ட் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் மேலே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள், கீழே அவர் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ரேட் பேசும் முன்பே இரண்டு கட்டடத்துக்கும் போன் செய்து என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள். புது வீட்டுக் கட்டடத்தைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அலமாரியைப் பிரிப்பவர் யார் என்று கேட்காமல் விடுவது

தூக்குகிறவர் எல்லாரும் கார்பென்டர் அல்ல. பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியில் ஸ்க்ரூ பிடித்திருப்பது வெறும் அழுத்திய மரத்தூளில்தான். அவசரத்தில் பவர் டிரில்லை வைத்து முறுக்கினால் ஓட்டை பெரிதாகிவிடும், மறுபடி பூட்டும்போது ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பின்பக்க மெல்லிய பலகையைப் பிடுங்கினால் ஆணி விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். நல்ல ஆள் எப்படிச் செய்வார் தெரியுமா? பிரிக்கும் முன் போட்டோ எடுப்பார், பலகைகளில் பென்சிலால் எண் போடுவார், ஸ்க்ரூவையும் கீலையும் ஜிப் கவரில் போட்டு அந்தந்தக் கதவின் உட்பக்கமே டேப் ஒட்டிவிடுவார். உங்கள் வீட்டில் அது நடக்கவில்லையென்றால் கவரை நீங்களே நீட்டுங்கள்.

முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு டிரான்சிட் போல்ட், அதாவது டிரம்மை ஆடாமல் பிடிக்கும் போல்ட், வேண்டும். வாங்கிய அன்றே தூக்கி எறிந்திருப்பீர்கள். இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் டிரம் ஆடாதபடி நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கிரைண்டரைக் கல்லோடு கட்டுவது

இது நம் வீடுகளுக்கே உரிய தவறு. கல்லை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். வேறு நாட்டு ஆட்களுக்கு உள்ளே கல் இருப்பதே தெரியாது, கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கு சார்"

பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே பேக் செய்த பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலும் கிடைக்காது.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுப்பது

வேண்டாம்.

ஜூலை மதியத்தில் வண்டியைக் கூப்பிடுவது

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளிவேலை செய்ய இங்கே தடை உண்டு. காலை ஏழு மணிக்கே ஆரம்பிக்கும்படி லிஃப்டை புக் செய்யுங்கள். கட்டடம் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மாலைக்குத் தள்ளுங்கள், ஆனால் ஷார்ஜா போகிறவர்கள் மாலை டிராஃபிக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர்

ஏற்ற மாட்டோம். சப்ளையரிடமே திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.