பாலக்காட்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா? 'பணி'யைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

வாளையார் தாண்டி வருகிறவர்களுக்கு முதலில் காகித வேலைகள். வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதாக இருந்தால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும்; ஊர் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். சரி, இதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். மற்ற இடங்களில் மலையாளம் வேண்டும். தமிழ் தெரிந்தால் மலையாளம் பாதி புரியும் என்று ஊரில் சொல்லி அனுப்புகிறார்களே, அந்தப் பாதியை நம்பித்தான் என் நண்பன் பணத்தை விட்டான்.

கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் சேர்த்துவிடுவதாக ஒரு தரகர் அவனிடம் 15,000 ரூபாய் முன்பணம் கேட்டார். சாயாக்கடையில் பக்கத்து அறைக்காரர் மெதுவாக, "சூக்ஷிச்சோ, அவன் நினக்கு பணி தரும்" என்றார். முதல் சொல் புரியவில்லை. மீதி 'வேலை தருவான்' என்று காதில் விழ, சாயங்காலமே பணம் கைமாறியது. மறுநாள் தரகரின் போன் அணைந்து கிடந்தது. அந்த மனிதர் சொன்னது, "ஜாக்கிரதை, உனக்கு ஆப்பு வைப்பான்" என்று. எவ்வளவு நல்ல மனதோடு எச்சரித்திருக்கிறார்! நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

'பணியுண்டு', 'பணிக்கு போணம்' என்றால் நம் வேலைதான். கூட வரும் வினையைக் கவனியுங்கள். 'பணி கிட்டி' என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொண்டான். 'பணி பாளி' என்றால் காரியம் கெட்டது. 'எட்டின்டெ பணி' என்றால் பெரிய ஆப்பு. உத்தியோகத்தைப் பற்றிக் கேட்கும்போது 'ஜோலி' என்றே கேளுங்கள், குழப்பம் வராது. நகைக்கடையில் 'பணிக்கூலி' என்பது செய்கூலி. 'பணிமுடக்கு' வேலைநிறுத்தம், அன்று ஊருக்குக் கிளம்பும் முன் பஸ் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பனி. நம்மில் பலர் பேச்சில் ண, ன வித்தியாசத்தை விட்டுவிட்டோம், இவர்கள் விடவில்லை. இங்கே பனி என்றால் காய்ச்சல். ஜூன் மழை தொடங்கியதும் டெங்கிப்பனி, எலிப்பனி என்ற பேச்சு எங்கும் கேட்கும். எலிப்பனி என்பது நம் எலிக்காய்ச்சல். தேங்கிய தண்ணீரில் கால் வைத்து வேலை செய்கிறவர்கள் உடம்பு சுட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "பனியாணு" என்று சொன்னால் போதும்.