பூனை வாந்தி எடுத்தால் செய்யக் கூடாதவை

"பூனைன்னா கக்கத்தான் செய்யும்" என்று கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் உண்டு. ஒருமுறை கக்கியதற்கே பதறி வீட்டு மருந்து டப்பாவைத் திறக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது வகையினரிடம்தான் பயம் அதிகம்.

உடம்பு சுடுகிறதென்று பாரசிட்டமால் கொடுத்துவிடுவார்கள். அந்த மருந்தை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். குழந்தைக்கு வாங்கி மீந்த வாந்தி சிரப்பும் வேண்டாம். எதையோ தின்றுவிட்டதென்று உப்புத் தண்ணீர் புகட்டிக் கக்க வைக்கப் பார்ப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே பூண்டு ரசமும் கூடாது, அயிரை மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் கூடாது. குழம்பில் போடும் முன்பே கொஞ்சம் மீனை எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுக்கலாம்.

மதுரைப் பூனை வாந்தி எடுக்கிறது என்றால், முதலில் நூலைத் தேடச் சொல்வேன். வீட்டுக்கு வீடு மல்லிகைப் பூ கட்டுகிற ஊர் இது. பரோட்டா பார்சலுக்குச் சால்னாப் பையையும் நூலால் இறுக்கிக் கட்டித்தான் தருகிறார்கள். அவிழ்த்துப் போட்ட நூலில் சால்னா வாசம் இருந்தால் பூனை விடுமா? அதன் நாக்கில் உள்ள சொரசொரப்பான முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போனதைத் துப்புவது கஷ்டம். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளத் தள்ள, நாடாவை இழுத்த பாவாடை மாதிரி சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள், நறுக்கவும் செய்யாதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பல சமயம் அறுவை சிகிச்சைதான் வழி.

"வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவது இன்னொன்று. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். சில மணி நேரம் விட்டு, கொஞ்சமாகக் கோழிக்கறி வேகவைத்து வையுங்கள். மசாலா, உப்பு எதுவும் வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைப்பது கொடுமை. தெம்புக்குப் பால் வைப்பதும் உதவாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கும் பால் செரிக்காது.

எப்போதாவது ஒரு முடி உருண்டை வந்தால் சரி. வாராவாரம் வந்தால் குடலிலோ தோலிலோ ஏதோ கோளாறு இருக்கலாம். தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லையா? அது ஆஸ்துமா இருமலாகவும் இருக்கலாம். போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் அவர் வேலை எளிது.

ஒருமுறை கக்கிவிட்டு அப்புறம் வழக்கம்போல விளையாடித் தின்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கக்கினால், ரத்தம் தெரிந்தால், குடித்த தண்ணீர்கூட நிற்காவிட்டால், கட்டிலடியில் போய்ப் பதுங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும். தடுப்பூசி போடாத குட்டி என்றால் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. கடுவன் பூனை மண் பெட்டிக்குப் போய்ப்போய் முக்கியும் சிறுநீர் வராமல் வாந்தியும் எடுத்தால் அது மூத்திர அடைப்பு. ராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான். வயதான பூனை மெலிந்து, நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி கக்கினால் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கக்கியதை வழிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நிறத்தையும் அதில் கிடப்பதையும் டாக்டர் கட்டாயம் கேட்பார். எலி மருந்தைத் தின்ற சந்தேகம் இருந்தால் அதன் அட்டையும் கையில் இருக்கட்டும். அந்த இடத்தைக் கழுவ பினாயில் மட்டும் வேண்டாம். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும், அதுவும் விஷம்தான். சோப்புத் தண்ணீர் போதும்.