கெடிலத்தில் கொடுவா பிடிக்க: தக்கையை ஓடவிடும் விதம்

என் அக்கா மகன் கனடாவில் இருக்கிறான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெடர் என்று ஒரு ஆறு. குளிர்காலத்தில் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஸ்டீல்ஹெட் பிடிப்பான். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவான். நடுங்கிக்கொண்டே பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறானே, இதென்ன வேலை என்று கேட்டேன். "மாமா, மீனை விடுங்க, தக்கையப் பாருங்க" என்றான். தக்கை என்றால் தூண்டில் நரம்பில் மாட்டுகிற மிதவை. பார்த்தேன். அதற்கப்புறம் எங்கள் கடலூர் கெடிலம் ஆற்றில் நான் தூண்டில் போடும் விதமே மாறிப்போனது.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தையல் கடை. செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்கு ஆறு என் ஆறு.

ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் இல்லை. வெள்ளைக்காரன் ஊட்டி அவலாஞ்சியில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டேதான். ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வருவதை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். நம்ம கொடுவா இதற்கு நேர் தலைகீழ். முட்டை முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில், குஞ்சு வளர்வது உப்பங்கழியிலும் ஆற்றிலும். ஆனால் நிற்கிற குணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீர் இழுப்புக்கு நடுவில் நின்று உடம்பை வருத்திக்கொள்ளாது. இழுப்புக்குப் பக்கத்தில், தண்ணீர் சுணங்குகிற இடத்தில், எதிர்முகமாக நின்றுகொண்டு வாய்க்கு நேரே எது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் அரைமணி நேரம் தூண்டிலைத் தொடாதீர்கள். பாலத்துத் தூணைப் பாருங்கள். தூணை இடித்துக்கொண்டு தண்ணீர் இரண்டாகப் பிரியும், பின்பக்கம் ஒரு இடம் மந்தமாகச் சுழலும். வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசுகிற இடத்தில் நுரை ஒரு கோடு போல ஓடும். நமக்கு வேண்டியது அந்த நுரைக்கோடுதான்.

வெடர் ஆறு எந்நேரமும் ஒரே திசையில் ஓடும், மருமகனுக்குக் கவலை இல்லை. நமக்குக் கடலின் ஏற்றம், வற்றம் இருக்கிறது. வற்றத்தில் தண்ணீர் கிழக்கே கடலைப் பார்த்து ஓடும், மந்தம் தூணுக்குக் கிழக்கே விழும். ஏற்றத்தில் எல்லாம் மாறி மீன் மேற்குப் பக்கம் வந்துவிடும். காலையில் பிடித்த இடத்திலேயே சாயங்காலமும் உட்கார்ந்துகொண்டு "இன்னைக்கு மீனே இல்லப்பா" என்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மீன் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, அவ்வளவுதான். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு நன்றாக இருக்கும், அஷ்டமி பக்கம் சோம்பல். நாள்காட்டி கிழிக்கும்போது திதியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தக்கை. ஆழம் கண்டுபிடிக்க ஒரு வழி: ஈயக்குண்டு தரையில் உரசுகிற வரை தக்கையை மேலே தள்ளிக்கொண்டே போங்கள். உரசினால் தக்கை தயங்கித் தயங்கிப் போகும். அப்போது ஒரு சாண் கீழே இறக்குங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே வந்துவிடும்.

அடுத்ததுதான் நான் முப்பது வருஷமாகத் தப்பாகவே செய்தது. ஆற்றில் மேல்தண்ணீர் வேகம், தரையை உரசிக்கொண்டு போகிற அடித்தண்ணீர் மெதுவு. தக்கையை அதன் போக்கில் விட்டால் மேல்தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு ஓடும், இரையும் பின்னாலேயே தரதரவென்று போகும். அப்படி ஓடுகிற இறாலை எந்தக் கொடுவாவும் நம்பாது. ரீலில் விரலை வைத்து நரம்பை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். பக்கத்தில் மிதக்கிற நுரையைவிடத் தக்கை ஒரு நூல் மெதுவாகப் போக வேண்டும். தக்கையின் தலை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இரை முன்னால், தக்கை பின்னால் போகிறது என்று அர்த்தம், சரியாக இருக்கிறது. தையல் மிஷினில் துணியை இழுக்கவும் கூடாது, சும்மா விடவும் கூடாது, கை கூடவே போகும். அதே கைதான் இங்கேயும்.

அங்கே இரை சால்மன் சினை. இங்கே உயிர் இறாலுக்கு மிஞ்சியது கிடையாது, மடவைக் குஞ்சு இரண்டாவது. இறாலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தலை ஓட்டுக்குள் கருப்பாக ஒரு பொட்டுத் தெரியும். அதில் தூண்டில் முள் பட்டால் இறால் அங்கேயே செத்துவிடும். பொட்டுக்கு முன்னால், கொம்புக்குக் கீழே, ஓட்டின் குறுக்காக மட்டும் முள்ளை ஏற்றுங்கள். அரைமணி நேரம் வாலை உதைத்துக்கொண்டிருக்கும்.

முள் 2/0 அல்லது 3/0 சைஸ், நரம்பு 0.40 மில்லிமீட்டர் போதும். நுனியில் இரண்டடிக்கு 0.60 கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, மெல்லிய நரம்பை ஒரே உதறில் அறுத்துவிடும், கை விரலையும்தான். தூண்டில் கோல் எதுவானாலும் சரி.

கொடுவா இரையைக் கடித்து இழுக்காது, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். மேலாக எடுத்தால் "டப்" என்று சத்தம் கேட்கும். தக்கை முழுசாக மறைந்த பிறகு நரம்பைச் சுருட்டி இறுக்கிவிட்டுக் கோலை வெடுக்கென்று இழுங்கள். தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறும்போது கோலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் தாழ்த்துங்கள், நரம்பு மட்டும் தளரக் கூடாது.

தக்கை கீழே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் இருங்கெளுத்தியாக இருக்கலாம். முதுகிலும் இரண்டு பக்கத்துச் செட்டையிலும் விஷ முள். ஒருமுறை இருட்டில் மடவை என்று நினைத்துப் பிடித்துவிட்டேன், தோள்வரை தெறித்தது. டீக்கடைக்காரர் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை ஊறப்போடச் சொன்னார். வலி இறங்கியது அதில்தான். டார்ச்சும் குறடும் இல்லாமல் போகாதீர்கள்.

மழைக்காலம் வேறு கணக்கு. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வந்ததே, அதோடு தென்பெண்ணையில் தாழங்குடா பக்கம் எனக்குத் தெரிந்த பள்ளமெல்லாம் தூர்ந்துபோனது. இல்லாத இடத்தில் புதிதாக மடு விழுந்திருந்தது. வெள்ளம் வடிந்ததும் பழைய இடத்தை மறந்துவிட்டு, நுரைக்கோட்டை முதலிலிருந்து தேடுங்கள். அணை திறப்பு அறிவித்தால் கரைப் பக்கமே போக வேண்டாம்.

விடுகிற விஷயத்துக்கு வருகிறேன். வெடரில் பண்ணையில் பொரித்த ஸ்டீல்ஹெட்டுக்கு முதுகின் கடைசியில் உள்ள குட்டிச் செட்டையை வெட்டித்தான் ஆற்றில் விடுவார்கள். செட்டை வெட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், முழுசாக இருந்தால் காட்டுமீன், விட்டாக வேண்டும். கொடுவா ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஒரு மீட்டரை நெருங்கியது பெரும்பாலும் சினை சுமக்கிற பெண்தான். போன வருஷம் ஒன்று மாட்டியது. கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பை வைத்தேன், 37 இஞ்சி. தண்ணீரிலேயே வாலைப் பிடித்து, இழுப்புக்கு எதிராக முகத்தைக் காட்டி, அதுவாக உதறும் வரை வைத்திருந்து விட்டேன். மருமகனுக்கு அனுப்ப போட்டோ எடுக்க மறந்துபோனது. வீட்டுக்குப் போகிற வழியில் அரைக்கிலோ மத்தி வாங்கினேன், குழம்புக்கு அரைத்து வைத்திருந்தார்கள்.